பட்டா இல்லாத பிணங்கள்

நீலகிரி முகடுகளில் கல்லைக் குவித்துச் செத்தவர்களை அதனடியில் வைத்த அந்தப் பழைய மனிதர்களுக்கு விவரம் போதாது. பட்டா வாங்கவில்லை, வேலி போடவில்லை, ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று ஒரு பலகைகூட நடவில்லை. இவ்வளவு உயரத்தில் வந்து எவன் கைவைப்பான் என்று நம்பிவிட்டார்கள். அப்பாவிகள்!

முதலில் துரைமார் வந்தார்கள். 1840களில் கேப்டன் காங்கிரீவ் தோண்டினார். பிறகு நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் தோண்டினார். அரிவாள், ஈட்டிமுனை, வெண்கலக் கிண்ணம், பொன்மணி எல்லாம் கிடைத்தன. மண்சாடிகளின் மூடிமேல் எருமைகள் நின்றன. ஒரு சாண்கூட இல்லாத களிமண்ணில் கொம்பின் வளைவையும் திமிரையும் பிடித்திருந்தான் ஒரு குயவன். தோண்டியெடுத்ததில் ஒரு பங்கு இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொள்ளைதான், சந்தேகமில்லை. ஆனால் கொள்ளையடித்தவன் எந்த மேட்டில் எதை எடுத்தான் என்று எழுதி வைத்தான். 1873இல் அது புத்தகமாகவே வந்தது. நம்மாள் அப்படியா? புதையல் ஆசையில் கடப்பாரையோடு ஏறுகிறான். தங்கம் இல்லையென்றால் சாடியை உதைத்து உடைக்கிறான், எலும்பை வாரி இறைக்கிறான், காலி குவார்ட்டர் பாட்டிலைக் குழிக்குள் எறிந்துவிட்டு இறங்குகிறான். மிச்சத்தை ஜேசிபி பார்த்துக்கொள்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய அரசின் பட்டியலில் ஏறிய சின்னத்தைச் சிதைத்தால், 2010 திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பட்டியலில் ஏறாத மேட்டைச் சிதைத்தால்? அது கட்டுமானப் பணி.

மேடையில் மட்டும் நம் வீரத்துக்குக் குறைவில்லை. தமிழ் மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது மார்தட்டாதவர் யார்? அந்த இரும்பின் கதையைச் சொல்லக்கூடிய மேடுகள் ஊர் ஊராக ஜல்லியாகிறபோது தட்டிய கைகளெல்லாம் எங்கே போயின? தொன்மை வேண்டும், தொல்பொருள் வேண்டாம். பெருமை வேண்டும், பிணம் இடைஞ்சல். வெட்கங்கெட்ட பிழைப்பு!

கவலைப்படாதீர்கள். கடைசிக் கற்குவையும் ஒழிந்த மறுநாள், அதேபோல ஒன்றை சிமென்ட்டில் செய்து ரவுண்டானாவில் வைத்து, செல்ஃபி எடுக்க வசதியாகத் திறப்பு விழா நடத்துவோம். அமைச்சர் முதல் ஒப்பந்ததாரர் வரை எல்லார் பெயரும் பளிங்கில் பொறிக்கப்படும். செத்தவன் பெயர்தான் யாருக்கும் தெரியாதே, இடமும் மிச்சம்.