மிதி மெஷினும் ஆரி ஊசியும்

கேள்வி: என் மாமா நாற்பது வருஷமாக மிதி மெஷினில் ஜாக்கெட் தைக்கிறார். அவர் மகளோ செல்போன் டிசைன், மோட்டார் மெஷின், ஆரி வேலை என்று ஆளை இழுக்கிறாள். ஒரே கடைக்குள் தினமும் சண்டை. நான் யார் பக்கம்?
- ஒரு வாசகி, காட்டேரிக்குப்பம்

பதில்: தீபாவளி ஜாக்கெட் கைக்கு வரும்வரை யார் பக்கமும் வேண்டாம்!

புதுச்சேரியை ஆண்ட அதே பிரான்சில், தீமோனியே என்ற தையற்காரர் 1830-இல் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிசில் பட்டாளத்துச் சீருடை தைக்கச் சுமார் 80 மெஷின் போட்டார். பிழைப்பு போச்சென்று மற்ற தையற்காரர்கள் 1831-இல் கும்பலாகப் புகுந்து நொறுக்கிவிட்டார்கள். மனிதர் 1857-இல் ஏழையாகவே போய்ச் சேர்ந்தார். அன்று அடி வாங்கிய வில்லன்தான் இன்று உங்கள் மாமாவுக்குப் பாரம்பரியம்.

இன்னொரு வேடிக்கை. அந்த மெஷினுக்கு முன்மாதிரியே, துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையல்தான். கிட்டத்தட்ட ஆரி! ஆக, மகள் 'புதுசு' என்று சொல்வது அப்பாவின் மெஷினுக்குப் பாட்டி முறை.

எங்கள் வீட்டுக்கும் இதே மாதிரி ஒரு அப்பா-மகள் கடையிலிருந்து கல்யாண ஜாக்கெட் ஒன்று வந்தது. பின்கழுத்து அப்படியே செல்போன் படம், கைதான் நுழையவில்லை. சின்னவள் வெட்டியது. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பிரித்து, உள்ளே பிடித்திருந்த அரை இஞ்சை விட்டுக் கொடுத்தார். நுழைந்தது.

கல்யாணம் முடிந்து நாலு நாள் கழித்து.