இரண்டு அங்குலம்

எழுபதுகளில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலையில் நாங்கள் வலைப்பந்து விளையாட வீட்டில் தடை இருக்கவில்லை. மதிலுக்குள் நடப்பது, பந்தோடு ஓடக்கூடாது, மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது, அவரவர் கோட்டைத் தாண்டக்கூடாது. அப்பம்மாவுக்கு இந்தச் சட்டங்கள் நல்லாய்ப் பிடித்துக்கொண்டன. தானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பா.

விளையாட்டின் வேர் சுவீடன்காரியான மார்ட்டினா பெர்க்மன்-ஓஸ்டர்பெர்க் நடத்திய கல்லூரியில் இருக்கிறது. பெண்களை உடற்பயிற்சி ஆசிரியைகளாக்க 1885இல் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் தொடங்கி, 1895இல் டார்ட்ஃபர்டுக்குக் கொண்டுபோனார். 1893 அளவில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் கூடைப்பந்தைக் காட்டிக்கொடுக்க, மாணவிகள் சுவரில் குப்பைக்கூடையைத் தொங்கவிட்டு விளையாடினார்கள். பிறகு வளையம் வந்தது. 1901இல் சட்டப் புத்தகமும் வந்தது.

பெண் உடல் பலமானால் இனம் பலமாகும் என்பது அம்மையாரின் வாதம். பெண்ணை ஓடவிடுவதற்கும் வருங்காலப் பிள்ளையைத்தான் சாட்சிக்கு அழைக்கவேண்டியிருந்தது! தந்திரமாகச் சொன்னாரா, நம்பியே சொன்னாரா? நம்பித்தான் என்று நினைக்கிறேன்.

இடுப்பை நெரித்த கோர்செட்டிலிருந்து விடுதலை கொடுத்த ஜிம்ஸ்லிப் என்ற உடற்பயிற்சிச் சட்டையும் அங்கே பிறந்ததுதான். மேரி டெயிட் என்ற மாணவியின் கைவேலை என்பார்கள். அதன் பேரப்பிள்ளையான எங்கள் விளையாட்டுச் சட்டைக்கு வெள்ளிதோறும் பரிசோதனை. வரிசையாக முழங்காலில் நிற்கவேண்டும். சட்டை விளிம்பு நிலத்தைத் தொடவேண்டும். தொடாதவளுக்கு அன்றைக்கு விளையாட்டு இல்லை. விடுதலையை இப்படி அடிமட்டம் வைத்து அளந்தது எங்கள் ஊர்க் கெட்டித்தனம்.

என் மச்சாள் நல்ல உயரம். வளையத்தடியில் நின்றால் பந்து தவறாது. ஆனால் பதினெட்டு வயதில் "இவளுக்குப் பனையில ஏறித்தான் மாப்பிள்ளை தேடவேணும்" என்று நிறுத்திவிட்டார்கள். தரகரிடம் உயரத்தில் இரண்டு அங்குலம் குறைத்தே சொன்னார்கள்.

பிறகு யாழ்ப்பாணத்துப் பெண் தர்ஜினி சிவலிங்கம் வந்தாள். 6 அடி 10 அங்குலம். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் இருந்தாள். அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியாவின் கொலிங்வுட் கழகம் கூப்பிட்டு எடுத்தது. அதோடு ஊரில் உயரத்தின் விலை ஏறிவிட்டது.

போன மாதம் அணித் தெரிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த தன் பேத்தியிடம் மச்சாள், "ரெண்டு அங்குலம் கூட்டி எழுதடி" என்றாள்.

"அங்கை அளப்பாங்களே, அம்மம்மா?"

"அதுக்குள்ளை வளர்ந்திடுவாய், எழுது!"