மூன்று கொட்டேஷன்

எங்கள் பூர்வீக வீட்டில் இப்போது யாரும் குடியில்லை. ஆனால் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, பதினொரு புள்ளி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தார் வழக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. தாலி ஏறியதும் கோயில் கணக்கில் பெயர் ஏறும், புள்ளி வரி விழும், பூர்வீக வீட்டில் பங்கும் பேச்சுரிமையும் வரும். பங்கு பதினொன்றில் ஒன்று. பேச்சுரிமை முழுசு.

காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான் ஊர். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன பாட்டையா கட்டிய வீடு. தூணுக்குத் தேக்கு அங்கிருந்து கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் நுழைந்ததும் வயலும் வட்டியும் அங்கேயே நின்றுவிட, பாட்டையா மட்டும் ஊர் வந்து சேர்ந்தார். வீடு இருந்தது, அதைப் பராமரிக்கக் காசு இல்லை. வீட்டைப் பராமரிக்க முடியாத நிலைமை இன்றுவரை தொடர்கிறது, காரணம்தான் மாறிவிட்டது. இப்போது எல்லோரிடமும் காசு இருக்கிறது. யார் முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி.

விஷயம் ரொம்பச் சின்னது. வளவில் நடு முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கும், நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு. இரண்டு சரிவு சேருகிற கூடல்வாயில் ஒரு தகரம். அந்தத் தகரத்தில் ஓட்டை. மழை பெய்தால் முற்றத்து அண்டாவில் விழவேண்டிய தண்ணீர் பெரியாத்தாவின் அறை வாசலில் விழுகிறது. ஒரு தகரம், ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், அரை நாள் வேலை. இதற்காக வாட்ஸப்பில் ஒரு குழு.

ஓட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். டல்லஸில் இருக்கும் சித்தப்பா மகன் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினான். ஓட்டையை அவன் என்னவென்று நினைத்தானோ. சிங்கப்பூர் அண்ணன், "மூணு கொட்டேஷன் வாங்கு" என்றார். கோயமுத்தூர் அண்ணன், "நாலாவது ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது" என்றார். அதற்குள் யாரோ ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்ப, ஆளாளுக்குப் பதில் வணக்கம் சொல்ல, ஓட்டை மேலே போய்விட்டது. குழுவில்தான், வீட்டில் அது எப்போதுமே மேலேதான் இருக்கிறது.

2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்த செய்தி வந்தபோது மட்டும் குழுவே பட்டாசு வெடித்துக் கொண்டாடியது. உலகமே நம் வீடுகளைப் பாதுகாக்கப் போகிறதாம், தகரத்தையும் அவர்களே போடட்டும் என்று ஒரு யோசனை வந்தது. நாலு பேர் ஆமோதித்தார்கள்.

நான் காரைக்குடியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். அதனால் வீட்டுக்குப் பொருளாளர் ஆனேன். பொருள் இல்லாத பொருளாளர். பதினொரு பேரும் பணம் போட ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கலாம் என்றேன். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் ஆரம்பித்தபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தாராம். அந்தக் காரைக்குடிப் பக்கத்தில் பிறந்த எங்களுக்கு ஒரே ஒரு சேமிப்புக் கணக்கு திறக்க இரண்டு தீபாவளி ஆனது.

காரணம் பெயர். எங்களில் மூத்த பேரனுக்கு ஐயா பெயர்தான் வைப்பார்கள். ஐயாவுக்கு மூன்று மகன்கள். மூன்று பேருக்கும் தலைமகன் ராமநாதன். சிங்கப்பூர் ராமநாதன், கோயமுத்தூர் ராமநாதன், அப்புறம் பேங்க் ராமநாதனாகிய நான். கையெழுத்துப் போடும் அதிகாரத்தை எங்கள் மூவருக்கும் கொடுத்தார்கள். எங்கள் வங்கிக் கவுன்ட்டரில் இருந்தவர் புதிதாக வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த இளைஞர். விண்ணப்பத்தைப் புரட்டினார். ராமநாதன். அடுத்ததும் ராமநாதன். அடுத்ததும். வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தார், அதிலும் ராமநாதன்.

"சார், இதுல யார் இறந்துட்டாங்க?"

"பத்திரத்துல இருக்கிற ராமநாதன். மத்த மூணு பேரும் உயிரோட இருக்காக."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நான் பக்கத்து மேஜைக்காரன், அவர் சக ஊழியன், தினமும் மத்தியானம் அவரோடு டப்பாவைப் பகிர்ந்து சாப்பிடுகிறவன் என்பதெல்லாம் அந்த நிமிஷம் செல்லவில்லை. கோப்பு மேலிடத்துக்குப் போய், ஏதோ மோசடி என்ற சந்தேகத்தோடு திரும்பி வந்தது. மூன்று ராமநாதன்களும் ஆதாரை வைத்துக்கொண்டு வரிசையாக நின்று சிரித்த பிறகுதான் நம்பினார்கள்.

அப்பத்தா இருந்தவரை இந்தச் சிக்கலே இல்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பதால் எங்கள் மூவரையுமே "ஏப்பா" என்றுதான் கூப்பிடுவாக. மூன்று பேரும் ஓடுவோம். ஒருவனுக்கு என்று எடுத்து வைத்த கந்தரப்பம் மூன்றாகும். சிங்கப்பூர் அண்ணன் இன்றைக்கும் அதில் தன் பங்கு குறைந்துபோனதாகக் கணக்குச் சொல்வார். கூட்டுக் கணக்கில் முதல் தவணை அவர் போடாததற்கு அதுதான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

முதல் கொட்டேஷன் தந்த கொத்தனார் பழைய வேலை தெரிந்தவர். தகரத்தோடு சேர்த்து நனைந்து உதிர்ந்த சுவரையும் பூச வேண்டும் என்றார். சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி என்று எழுதிக்கொண்டே வந்து, முட்டை என்று எழுதினார். செட்டிநாட்டுச் சுவரின் வழவழப்புக்கு வெள்ளைக்கரு முக்கியம். ஊருக்கு வந்திருந்த பெரியாத்தா அன்றைக்குப் பிரதோஷ விரதம்.

"முட்டையா? இந்த வீட்டு வளவுக்குள்ள அது வரவே கூடாது."

"நீங்க சாஞ்சு உக்காந்திருக்கிற சுவரே முட்டைதான் ஆச்சி."

பெரியாத்தா வெடுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தாக. அதற்குப் பிறகு வளவில் எங்கே உட்கார்ந்தாலும் தூணில்தான் சாய்கிறாக.

இப்படி இருக்கையில் பெரியப்பச்சிக்கு எண்பது நிறைந்தது. சதாபிஷேகத்தைப் பூர்வீக வீட்டில்தான் செய்ய வேண்டும் என்பதில் பதினொரு புள்ளிக்கும் ஒரே கருத்து. இது எங்கள் வீட்டு வரலாற்றில் அபூர்வம். வீட்டைத் திறந்தோம். திறந்தோம் என்றால் வாசலை. உள்ளே அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு ஊர். பெரியாத்தாவின் அறைச் சாவி கோயமுத்தூரில் இருந்தது. ஒரு சாண் நீளம், அரைக் கிலோவாவது இருக்கும். கூரியர்க்காரர் உள்ளே என்ன என்று கேட்டாராம். சாவி என்றதும் நம்பாமல் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாராம்.

அறைக்குள் பெரியாத்தாவின் கல்யாணச் சாமான் அத்தனையும் பழைய செய்தித்தாள் சுற்றியபடி இருந்தது. மங்குத் தட்டு, மரவை, பித்தளை, வெள்ளி. கல்யாணத்தன்றைக்குப் பரப்பி வைத்தபோது ஊர் பார்த்தது. அப்புறம் வெளிச்சம் பார்த்ததில்லை. பெரியாத்தா பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாக. பட்டியல் கையில் இருந்ததே தவிர, அதைப் பார்க்கவில்லை, எல்லாம் மனப்பாடம்.

"ஒரு வெங்கலக் கரண்டியைக் காணலை."

வீடே தேடியது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் பங்குக்கு ஹோமச் சாமான்களை ஒருமுறை புரட்டினார். கடைசியில் கரண்டி சமையல்காரர் கையில் இருந்தது. பால் பணியாரத்துக்குப் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார். எந்தப் பையன் எடுத்துக் கொடுத்தானோ. பெரியாத்தா அதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாக. எங்கள் பக்கத்துச் சாமான்களில் விலாசம், அதாவது குடும்ப முதலெழுத்துகள், வெட்டியிருக்கும். பெரியாத்தாவின் பிறந்த வீட்டு விலாசம் நீளமானது. காம்பு முழுக்க எழுத்துகள் புள்ளி புள்ளியாக ஓடி, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதை மட்டும் கரண்டிக் கிண்ணத்தின் முதுகில் வெட்டியிருந்தான் பாத்திரக்கடைக்காரன். அந்த எழுத்து அப்போது பாலுக்குள் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தது. பெரியாத்தா ஒன்றும் பேசவில்லை. அடுப்படியில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, பால் இறங்கும்வரை காத்திருந்து, கரண்டியை வாங்கித் தானே புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, காகிதம் சுற்றி, அறைக்குள் வைத்துப் பூட்டினாக. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கரண்டி வேலை செய்தது அன்றைக்குத்தான். அன்றைக்கே ஓய்வும் பெற்றது.

என்னோடு வேலை பார்க்கும் தூத்துக்குடி நண்பன் விசேஷத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டான். உலகம் முழுக்க ஹோட்டல் பலகைகளில் செட்டிநாடு என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கோழி ஓடுகிறது. அவன் அந்தக் கோழியைத் தேடித்தான் வந்திருந்தான். எங்கள் விசேஷங்களில் சைவச் சாப்பாடுதான் என்பதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலையில் இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி, கோஸ்மல்லி, கவுனி அரிசி என்று இலை நிறைந்தது. கோழி இல்லாத துக்கத்தில் எல்லாவற்றையும் இரண்டாவது முறை வாங்கினான். மத்தியானம் விருந்து. அதைத் தாண்டி வந்தவனை நாலு மணிக்கு எழுப்பினார்கள்.

"மறுபடி என்ன?"

"இடைப்பலகாரம். சும்மா, வாய்க்கு."

சீப்பு சீடை, மனகோலம், தேன்குழல், கல்கண்டு வடை எல்லாம் வாய்க்குத்தான். அவன் பட்டாலையிலிருந்து பின்கட்டுவரை நாலைந்து முறை போய் வந்தான். "ஏன் இவ்வளவு பெரிய வீடா கட்டுனீங்கன்னு இப்பத்தான்ல புரியுது. செரிக்கிறதுக்கு நடக்க வேண்டாமா?" என்றான். வரலாற்று ஆசிரியர்கள் யாரும் சொல்லாத காரணம். ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்கப் பளபளக்கும் என்பார்கள். ஆள் நடமாட்டமில்லாமல் மங்கிக் கிடந்த தரை விசேஷம் நடந்த மூன்று நாளில் முகம் தெரிகிற மாதிரி ஆனது. பாதிப் புண்ணியம் தூத்துக்குடிக்காரனுடையது.

விசேஷம் முடிந்து பூட்டப் போகிற நேரத்தில் ஒருவர் வந்தார். சினிமாவுக்கு வீடு பார்க்கிறவர். சினிமா எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ வைத்துத்தான் 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்தார். ஆனால் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் தகரத்துக்கு அப்போதே வழி பிறந்திருக்கும். வாடகை எவ்வளவு என்று வந்தவர் சொன்னதைக் குழுவில் போட்டேன். டல்லஸில் நள்ளிரவு, அவனும் விழித்துக்கொண்டான். காலை வணக்கம் மட்டுமே அனுப்பத் தெரிந்தவர்கள் ஒப்பந்த ஷரத்து எழுத ஆரம்பித்தார்கள். அந்த வாடகையில் தகரம் மாற்றி, சுவர் பூசி, முட்டையும் வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்தேன்.

மறுவாரம் டைரக்டரே வந்தார். முகப்பைப் பார்த்தார், பட்டாலையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்போது ஒரு மழை பெய்தது. கூடல்வாயிலிருந்து தண்ணீர் ஒழுகிப் பாசி பிடித்த சுவரில் வழிந்தது. மனுஷன் அப்படியே நின்றுவிட்டார். நொடித்துப்போன குடும்பத்தின் கதையாம்.

"சார், வீட்டுல எதை வேணும்னாலும் மாத்துங்க. அந்த ஓட்டையை மட்டும் அடைச்சிராதீங்க."

குழுவில் சொன்னேன். ஓட்டைக்குத் தனி வாடகை உண்டா என்று கேட்டார் கோயமுத்தூர் அண்ணன். படப்பிடிப்பு முடியும்வரை தகரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம், ஏகமனதாக. அப்புறம் கதாநாயகனுக்குத் தேதி கிடைக்கவில்லை, தயாரிப்பாளருக்கும் ஏதோ கிடைக்கவில்லை. டைரக்டர் போனை எடுப்பதில்லை. மழை மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிடுகிறது.

இன்றைய நிலவரப்படி கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கின்றன. ஒன்றில் முட்டை உண்டு, இன்னொன்றில் இல்லை. பெரியாத்தா முட்டையில்லாததற்கு ஓட்டுப் போட்டுவிட்டாக. சிங்கப்பூர் அண்ணன் மூன்றாவது வராமல் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். காரைக்குடிப் பக்கம் ஓட்டு வேலை தெரிந்த நல்ல கொத்தனார் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். வேலை உடனே இல்லை, விலை மட்டும் சொன்னால் போதும்.