தட்டு சுற்றிய டி.வி.!

கே: டி.வி.யைக் கண்டுபிடித்தவர் ஜான் லோகி பெயர்டு என்று படித்தோமே, உண்மைதானா?

ப: மார்க் வாங்க அது போதும்! அசையும் முகத்தை முகமாகவே தெரியும்படி முதலில் காட்டியவர் அந்த ஸ்காட்லாந்துக்காரர்தான். 1926 ஜனவரி 26, லண்டன் ஃப்ரித் தெருவில் ஒரு மாடி அறை. ஆனால் பிறகு நம் வீட்டுக்கு வந்த டி.வி. வேறு ஆட்கள் போட்ட வழி.

கே: அவர் வழி எது?

ப: துளை போட்ட தட்டைச் சுற்றவிடுவது. ஒவ்வொரு துளையும் முகத்தின் ஒரு கோட்டை வருடும். மொத்தம் 30 கோடுகள். தட்டு யோசனை 1884லேயே ஜெர்மனியின் நிப்கோ சொன்னது. டீப்பெட்டி, தொப்பிப்பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் விளக்கு லென்ஸ் என்று கிடைத்ததை வைத்து அதை ஓட்டிக் காட்டியது பெயர்டு.

கே: டி.வி.யில் முதலில் தோன்றியது யார்?

ப: ஸ்டூக்கி பில் என்ற பொம்மைத் தலை. விளக்குச் சூட்டை மனிதர் தாங்கமாட்டார்களே! 1925 அக்டோபரில் பொம்மை முகம் தெளிவாக விழுந்ததும், பெயர்டு கீழே ஓடி வில்லியம் டெயிண்டன் என்ற ஆபீஸ் பையனை இழுத்து வந்து உட்கார வைத்தார். அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தால் திரை காலி. சூட்டுக்குப் பயந்து பையன் நகர்ந்துவிட்டான்! கையில் அரை கிரவுன் காசைத் திணித்த பிறகுதான் முகம் விழுந்தது. டி.வி.யில் முகம் காட்டக் காசு வாங்கிய முதல் ஆள் அவன். இன்றைக்குப் பலர் காசு கொடுத்தல்லவா காட்டுகிறார்கள்!

கே: அதற்கு முன் என்ன தொழில் செய்தார்?

ப: எதைச் செய்யவில்லை என்று கேளுங்கள். ஈரம் தாங்கும் காலுறை விற்றார், நன்றாகவே போனது. டிரினிடாடில் ஜாம் காய்ச்சினார். ஆட்களுக்கு முன் பூச்சிகள் வந்தன. துருப்பிடிக்காத சவரக்கத்தி வேண்டுமென்று கண்ணாடியில் செய்தார், கன்னம் கிழிந்தது. செயற்கை வைரம் செய்யப் போய், வேலை பார்த்த மின் நிறுவனத்தின் கரண்ட்டையே போக வைத்தார்.

கே: பி.பி.சி. அவரைக் கைகழுவியது துரோகம்தானே?

ப: நான் நடுவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 1936 நவம்பரில் இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றி ஒளிபரப்பினார்கள். மார்க்கோனி-இ.எம்.ஐ.க்கு 405 கோடு, பெயர்டுக்கு 240. அவர்கள் கேமரா தாராளமாக நகரும்; இவருடையதோ ஃபிலிமில் எடுத்து, உடனே கழுவி, பிறகு ஒளிபரப்புவது. இடத்தைவிட்டு அசையாது. போதாக்குறைக்கு அந்த மாதம் 30ஆம் தேதி கிரிஸ்டல் பேலஸ் எரிந்தபோது அங்கிருந்த அவர் ஆய்வுக்கூடமும் போயிற்று.

கே: அத்தோடு ஒதுங்கிவிட்டாரா?

ப: அந்த ஆளா! 1928லேயே அட்லாண்டிக்கைத் தாண்டிப் படம் அனுப்பியவர். வண்ணப்படமும் அதே ஆண்டு காட்டியவர். 1946இல், 57 வயதில் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஒரு வண்ண டி.வி. குழாயைக் காட்டினார், முழுக்க எலக்ட்ரானிக், தட்டே கிடையாது.