சீனுவின் இடுப்பு

நாய் படியேறும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து முயல் போலத் துள்ளினால் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கலாம். இது தெரியாமல், காப்பகத்திலிருந்து கூட்டிவந்த சீனு எங்கள் மாடிப்படியில் துள்ளியேறியதை வீடியோ எடுத்து, குத்துப்பாட்டு சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவன் நான். 'புது வீடு பிடிச்சிருச்சு!' என்று தலைப்பு வேறு. மதுரைச் சித்தப்பா வரிசையாக இதயம் அனுப்பினார்.

சீனு லாப்ரடார் சாயல். வீடு மாறிய யாரோ விட்டுவிட்டுப் போனது. பல்லைப் பார்த்து நாலு வயசு இருக்கும் என்றார்கள். "பின்பக்கம் கொஞ்சம் ஆட்டி நடப்பான், ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிடுங்க சார்" என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் அதை ஸ்டைல் என்று நினைத்தேன். ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிச் சரிந்து உட்கார்ந்தபோதும் சந்தேகம் வரவில்லை. சோபாவில் நான் உட்காருவதும் அப்படித்தான்.

ஒரு காலையில் முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு எழுந்தான். பதறிப்போய், என் முதுகுவலிக்கு வாங்கி வைத்திருந்த இபுப்ரோஃபென் மாத்திரையைத் தயிர்ச்சோற்றில் பொதியப் போனேன். மகள் கையைத் தட்டிவிட்டாள். நாய்க்கு அது வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

"நடக்கிற வீடியோ ஏதும் இருக்கா?" என்றார் டாக்டர். குத்துப்பாட்டைத்தான் நீட்டினேன். சத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மயக்க ஊசி போட்டு, கால்களை நேராக நீட்டிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை போய் உட்கார வேண்டிய கிண்ணத்துக்கு ஆழமே இல்லை. பரம்பரையாக வருவதாம், பிறக்கும்போது சரியாக இருக்கும் மூட்டு வளர வளரத் தளர்கிறது. குட்டியில் கொழுக்க வளர்த்தால் இன்னும் மோசம். "படத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க. படம் மோசமா இருக்கிற நாய் நல்லா ஓடும், சுமாரா இருக்கிறது நொண்டும்" என்றார். உருண்டைத் தலையை வெட்டியெடுக்கும் ஆபரேஷனும் உண்டு, செயற்கை மூட்டும் உண்டு. அதெல்லாம் அப்புறம், முதலில் எடை குறையட்டும். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். சீனுவைத் தடவினால் மெத்தைதான் தட்டுப்பட்டது.

எனக்கு 'இடுப்பு' என்ற சொல்லுக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. நடையை நிறுத்திவிட்டு அவனை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். இடுப்பில் பெல்ட் போடும்படி ஆனது எனக்கு. நிதானமான நடை கட்டாயம் வேண்டுமாம். தளர்ந்த மூட்டைத் தாங்குவது தசைதான். தாவலும் பந்து துரத்தலும்தான் ஆகாது. வழுக்கும் டைல்ஸில் யோகா பாய்களை விரித்தோம். உருப்படியான அந்த ஒன்றும் மகளின் யோசனை.

எடை விஷயத்தில் நான் பண்டிதன். அமெரிக்காவில் பியூரினா நிறுவனத்தார் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்தார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி. குறைவாகத் தின்றவற்றுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் குறைவு, வந்ததும் தாமதமாக. ஆயுளும் ஏறக்குறைய 2 வருஷம் கூடுதல். 2002இல் வெளியான இந்த ஆய்வை அம்மாவிடம் விளக்கினேன், வாட்ச்மேன் அண்ணனிடம் விளக்கினேன், கேட்காதவர்களிடமும் விளக்கினேன். விளக்கும்போது கையில் டீயும் மாரி பிஸ்கெட்டும். சீனு என்னைவிட பிஸ்கெட்டைத்தான் கவனிப்பான். பாதி அவனுக்கு. "வாயில்லா ஜீவன்டா" என்று அம்மா தயிர்ச்சோறு வைத்தால் வீட்டில் பெரிய சண்டை போடுவேன். என் பாதி பிஸ்கெட் எந்தக் கணக்கிலும் வராது.

வாராவாரம் எடை பார்ப்பதும் என் பொறுப்பு. அவனைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, வரும் எண்ணில் என் எடையைக் கழிக்க வேண்டும். ஆரம்பத்தில் பார்த்து வைத்த எடையையே கழித்துக்கொண்டிருந்தேன். சீனு ஏறிக்கொண்டே போனான். அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன், வாட்ச்மேன் அண்ணனோடு பேச்சே நின்றுபோனது. டாக்டரின் மெஷினில் தனியாக நிறுத்தியபோது சீனு 2 கிலோ இறங்கியிருந்தான். "சார், நீங்களும் ஒருதரம் ஏறுங்களேன்" என்றார் அவர்.