இன்ஜெக்டர் உபாசகர்

செடெனாக் என்றால் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை விட்டுச்சென்ற ஒரு டோல் சாவடி என்று எண்ணிக்கொண்டு ஜொகூர் பாருவை நோக்கிப் பறக்கிறவர்களும், அண்மையில் இங்கே எழும்பிய தரவு மையங்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்து வியக்கிறவர்களும், இவ்வூரில் உண்மையாகவே தரிசிக்கத் தக்க ஒரு விசேஷத்தைத் தவறவிட்டுவிடுகிறார்கள். காலை வேளையில் ஒட்டுக்கடையில் தே தாரிக்கும் கையுமாக வீற்றிருந்து, பெட்ரோல் இன்ஜினின் அந்தரங்கங்களை வருவோர் போவோருக்கெல்லாம் உபதேசிக்கும் இன்ஜெக்டர் அண்ணனைத்தான் சொல்லுகிறேன். கூலாயிலும் சிம்பாங் ரெங்கத்திலும் இந்த ஜாதி மனிதர்கள் உண்டு என்று கேள்வி. ஆனால் பக்தியின் தீவிரத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு இணை சொல்ல முடியாது.

அவருடைய காடி, 2020ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டோன் எக்ஸ்50. அதிலும் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பாய்ச்சும் டி.ஜி.டி.ஐ. இன்ஜின் பூட்டிய உச்ச வகை. அந்நாளில் அதற்குக் கீழ்ப்பட்ட வகைகளுக்கு வாய்க்காத அந்த நேர்ப் பாய்ச்சல் தமக்கு வாய்த்ததைப் பூர்வ புண்ணியமென்றே அவர் நம்புகிறார். 1950களில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காடியில் இம்முறை பிரசித்தி பெற்றதும், 1996இல் மிட்சுபிஷி அதை மின்னணுக் கட்டுப்பாட்டோடு ஜனங்களின் காடிக்குக் கொண்டு வந்ததும் அவருக்கு மனப்பாடம். “பழைய ரக இன்ஜெக்டர்ல அழுத்தம் 3, 4 பார், இதுல 200 பார், தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, எதிரே இருப்பவர் திடுக்கிடும் வரையில் அவர் ரோட்டி சனாயைப் பிய்ப்பதில்லை. திடுக்கிடாதவர்களுக்கு அந்தக் கணக்கு மறுபடியும் சொல்லப்படும்.

இத்தகைய நுட்பமான யந்திரத்துக்கு ரோகம் வராமல் காப்பது எப்படி என்பதே அவருடைய ஜீவியத்தின் பிரதான கவலை. நெருப்பு எரியும் அறைக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இன்ஜெக்டரின் நுண்ணிய துவாரங்களில் கரி படிந்தால் தெளிப்பின் உருவம் கெடும் என்பது சத்தியம். பாலியீத்தரமின் என்னும் சேர்மானமுள்ள துப்புரவுத் திரவத்தை அளவோடு பெட்ரோலில் கலந்தால் அந்தக் கரி கரையும் என்பதும் சத்தியம். ‘அளவோடு’ என்ற நிபந்தனையில்தான் அவருக்கு நம்பிக்கை குறைவு. பச்சைப் போத்தல், சிவப்புப் போத்தல், ஜெர்மன் போத்தல், அமெரிக்கப் போத்தல் என்று மாற்றி மாற்றி ஊற்றுவார். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து குடிமக்களுக்கு லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கும் ரோன்95 பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். ரோன்97 அழுக்கை அறுக்குமாம். அந்த எண் பெட்ரோல் தட்டாமல் எரியும் தன்மையைக் குறிப்பதேயன்றிச் சலவைத் திறமையைக் குறிப்பதன்று என்று சொன்ன பள்ளி ஆசிரியர் ஒருவரோடு அவர் இன்றளவும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு சிரத்தையோடு பேணப்படும் காடி போகிற தூரந்தான் வேடிக்கை. வீட்டிலிருந்து ஒட்டுக்கடைக்கு, ஒட்டுக்கடையிலிருந்து வீட்டுக்கு. இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்கு முன்பே அது நிழலில் நிறுத்தப்பட்டுப் போர்வையும் போர்த்தப்பட்டுவிடும். குளிர்ந்த இன்ஜினின் குறும்பயணமே கரிக்கு உற்ற நண்பன் என்பதையும், எரியாத பெட்ரோல் இன்ஜின் எண்ணெயில் கலந்து அதன் சாரத்தைக் கெடுக்கும் என்பதையும் எந்தப் போத்தலிலும் அச்சிட்டிருக்கவில்லை போலும். பத்து பஹாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போவதானால் மனைவியாரின் மைவியில்தான் குடும்பம் ஏறும். ஒரு சொட்டு மருந்தும் அறியாத அந்த மைவி, நெடுஞ்சாலையில் ஓடி ஓடி ஆரோக்கிய சொரூபமாக விளங்குகிறது.

ஒருநாள் இன்ஜினிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டுப் பதறி, ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேலும் பிடியைக் காதிலும் வைத்து நாடி பார்த்துவிட்டு, போமனிடம் ஓடினார்.

“அண்ணே, இந்த ரகத்துக்கு அந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும். நின்னாதான் பயப்படணும் லா” என்றான் அந்த வாலிபன்.

“இன்ஜெக்டரைக் கழற்றிப் பாருப்பா.”

“கழட்டினா டெஃப்லான் வளையத்தைப் புதுசா போடணும், அழுத்தத்தை இறக்காம பைப்பைத் தொடவும் கூடாது. சும்மா இருக்கிறதை ஏண்ணே கழட்டணும்? ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க.”

டோல் கட்டணத்தையும், லாரிகளின் சக்கரம் தெறிக்கும் கல்லையும், பூச்சின் கதியையும் நினைத்து அவர் சம்மதிக்கவில்லை. அவருடைய மனச்சாந்திக்காகப் போமன் ஒரு சிறு கேமராவைக் காற்று நுழையும் வழியில் செலுத்திக் காட்டினான். உள்ளே வால்வுகளின் முதுகில் கரி அப்பிக் கிடந்தது.

“இத்தனை போத்தல் ஊத்தினேனே, அதெல்லாம் எங்கப்பா போச்சு?”

“போக வேண்டிய இடத்துக்குத்தான் போச்சு. வால்வு அந்த வழியில இல்லண்ணே.”

விஷயம் அவ்வளவே. பழைய ரகத்தில் பெட்ரோல் வால்வின் முதுகில் தெளிக்கப்பட்டு அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். நேர்ப் பாய்ச்சலிலோ அது வால்வைத் தீண்டாமலே சிலிண்டருக்குள் இறங்கிவிடுவதால், கீழிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி வால்வின் மேல் படிந்து வெந்து கரியாகிறது. டாங்கியில் ஊற்றும் எந்த மருந்தும் அங்கே எட்டாது. இதற்குச் சிகிச்சை, வால்நட் ஓட்டைப் பொடியாக்கிக் காற்றழுத்தத்தோடு வீசியடித்து, உடனுக்குடன் உறிஞ்சி எடுப்பது. அந்தப் பொடி கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாது என்று போமன் விளக்கினான். முறையாகச் செய்ய ஜொகூர் பாருவில் ஒரு பட்டறைக்கு விலாசமும் எழுதிக் கொடுத்தான்.

ஜொகூர் பாரு, அண்ணனுடைய கணக்கில், காடிக்கு மிகவும் தூரம். ஒட்டுக்கடைப் பிரசங்கத்தில் போத்தல் அத்தியாயம் முடிந்து வால்நட் அத்தியாயம் தொடங்கிவிட்டது; மைவியில் ஏறிக் கூலாயின் மளிகைக் கடைகளுக்கெல்லாம் சென்று, ஓட்டோடு கூடிய வால்நட் கிலோ என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே இருக்கும் பருப்பை என்ன செய்வது என்பது குறித்து மனைவியார் இன்னும் அபிப்பிராயம் தெரிவிக்கவில்லை.