பிரெட்டும் ஃப்ரீசரும்

கேள்வி: வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஒரு பாக்கெட் பிரெட் வாங்கினால் பாதி வீணாகிறது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் விறைத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஃபிரிட்ஜ் பூசணத்தைத் தள்ளிப்போடும், அதற்குக் கூலியாக மென்மையை வாங்கிக்கொள்ளும். வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகிய ஸ்டார்ச், ஆறியபின் மெல்ல இறுகுகிறது. அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது 0 டிகிரிக்குச் சற்று மேலே, அதாவது ஃபிரிட்ஜுக்குள்ளேதான். மிச்சச் சோறு அங்கே விறைப்பதும் இதனால்தான். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அது ஏறக்குறைய நின்றுவிடும்.

ஆனால் ஃப்ரீசர் காலத்தை நிறுத்தும், திருப்பாது. ஆகவே வாங்கிய அன்றே வைத்துவிடுங்கள். இரண்டிரண்டு துண்டாக, காற்றை நன்றாக வெளியேற்றி, ஜிப் கவரில். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

எடுத்த துண்டு நேராக டோஸ்டருக்கோ சூடான தோசைக்கல்லுக்கோ போகட்டும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் இறுகிய ஸ்டார்ச் மறுபடி இளகும். அந்த மணமே தனி! முழு பிரெட் என்றால் கவரைப் பிரிக்காமல் வெளியே வைத்து உருகவிடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரமெல்லாம் அதன்மேல் வியர்த்து நசநசத்துவிடும். மைக்ரோவேவில் சில விநாடி போதும், அதற்கு மேல் போனால் ரப்பர்தான்.